வேலையை விட்டா கையில கிடைக்கறது செவ்வாய்க்கிழமைதான்: டாட்டூ ஆர்டிஸ்ட் ஆகப் போறவங்களுக்கு ஒரு கணக்கு

போன மாசம் ஒரு தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தார். சோழிங்கநல்லூர்ல ஒரு கம்பெனியில சப்போர்ட் வேலை. கைக்கு வர்ற சம்பளம் 42,000. சனி, ஞாயிறுல வேளச்சேரி பக்கம் ஒரு ஸ்டூடியோவுல டாட்டூ போடறார். ஒன்றரை வருஷமா பண்றார், நல்லாவே பண்றார். அனுப்பின படங்களைப் பார்த்தேன், கோடு சுத்தமா இருக்கு.

அவர் கேட்டது இதுதான்: "அண்ணா, மாசத்துல 8 நாள் உட்கார்ந்தா எனக்கு 28,000 கிட்ட நிக்குது. வேலையை விட்டுட்டு 26 நாளும் உட்கார்ந்தா 90,000 வரணும்ல? அடுத்த மாசம் பேப்பர் போடலாம்னு இருக்கேன். சரியா?"

கணக்கு தப்பில்லை. 28,000-ஐ 8 ஆல வகுத்து 26 ஆல பெருக்கினா 91,000 வருது. ஆனா அந்த 8 நாளும் சனி, ஞாயிறு. வேலையை விட்டா புதுசா கிடைக்கப் போற 18 நாளும் திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும். டாட்டூ போட்டுக்க வர்றவங்க யாரு? உங்களை மாதிரியே வேலைக்குப் போறவங்க, காலேஜ் படிக்கறவங்க. அவங்களுக்கும் லீவு சனி, ஞாயிறுதான். இருக்கறதுலேயே கூட்டம் அதிகமான ரெண்டு நாளையும் இந்தத் தம்பி ஏற்கனவே வித்துட்டார். ராஜினாமா பண்ணினா கூடுதலா கிடைக்கறது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூணு மணி.

வீடியோவுல இதை ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டுப் போயிட்டேன். நிறைய பேர் விளக்கமா கேட்டீங்க. அதனால முழுக் கணக்கையும் இங்க போடறேன். டாட்டூ உங்க விஷயம் இல்லைன்னாலும் படிங்க. கேக் பண்றவங்க, போட்டோ எடுக்கறவங்க, மெஹந்தி போடறவங்க எல்லாருக்கும் இதே கணக்குதான், எண்கள் மட்டும் மாறும்.

ஒரு டாட்டூவுல உண்மையா எவ்வளவு நிக்குது

தம்பியோட சராசரி டாட்டூ ஒண்ணு 4,000 ரூபாய். பெரும்பாலும் எழுத்து, சின்னப் பூ, அம்மா பேர், தேதி. அவருக்கும் ஸ்டூடியோவுக்கும் பேச்சு 30%. அதாவது 1,200 ரூபாய் ஸ்டூடியோவுக்குப் போயிடும். இது நல்ல டீல்தான். ஸ்டூடியோவே கஸ்டமரைக் கொண்டு வர்ற இடத்துல பாதிக்குப் பாதி கேட்கறதும் சகஜம். ஊசி கார்ட்ரிட்ஜ், இங்க், கிளவுஸ், ஸ்டென்சில் பேப்பர், மெஷின் மேல சுத்தற பிளாஸ்டிக், முடிஞ்சதும் தோல் மேல ஒட்டற ஃபிலிம் எல்லாம் சேர்த்து ஒரு 500. மீதி 2,300.

இப்ப நேரத்தைக் கேட்டேன். "ஒன்றரை மணி நேரம் ஆகும் அண்ணா" என்றார். அது ஊசி தோல்ல ஓடற நேரம். வாட்ஸ்அப்ல மூணு நாளா "இன்னும் கொஞ்சம் சின்னதா, இல்ல கொஞ்சம் பெருசா" என்று பேசினது? டிசைன் வரைஞ்சது? ஸ்டென்சில் ஒட்டி, கோணலா இருக்குன்னு அழிச்சு, திரும்ப ஒட்டினது? முன்னாடி டேபிளைத் தயார் பண்ணினது, பின்னாடி சுத்தம் பண்ணினது? ஒரு மாசம் கழிச்சு ஃப்ரீயா பண்ணிக் கொடுத்த டச்-அப்? எல்லாத்தையும் எழுதச் சொன்னேன். 6 மணி நேரம் வந்தது.

2,300-ஐ 6 ஆல வகுத்தா மணிக்கு 383 ரூபாய். அவர் சம்பளம் மாசம் 22 நாள், நாளைக்கு 9 மணி நேரம்னு வச்சா மணிக்கு 212. ஆக, மணிக் கணக்குல டாட்டூ ஜெயிக்குது. அதனாலதான் இது சும்மா ஆசை இல்லை, உருப்படியான யோசனைன்னு நானும் சொல்றேன். ஆனா அந்த 383 வர, எதிர்ல நாற்காலியில ஒரு ஆள் உட்கார்ந்திருக்கணும்.

இப்ப மாசத்துக்கு 12 டாட்டூ, எல்லாம் சனி ஞாயிறுல. 12 × 2,300 = 27,600. சம்பளத்தோட சேர்த்தா 69,600.

வேலையை விட்டா? வார நாள்ல ரெண்டு நாளைக்கு ஒண்ணு கூட வரலைன்னாலும், தாராளமா மாசம் 8 டாட்டூ கூடுதலா வருதுன்னு வைப்போம். மொத்தம் 20. 20 × 2,300 = 46,000. ஆக, வீட்டுக்கு வர்ற பணம் 69,600-ல இருந்து 46,000 ஆகுது. தம்பி இதை எதிர்பார்க்கலை. அவர் 46,000-ஐ 42,000 சம்பளத்தோட ஒப்பிட்டு, 4,000 லாபம்னு நினைச்சிருந்தார். ஒப்பிட வேண்டியது சம்பளத்தோட இல்லை, இன்னைக்கு ரெண்டும் சேர்ந்து வர்ற மொத்தத்தோட.

பே ஸ்லிப்ல தெரியாத சம்பளம்

கம்பெனி உங்களுக்காக பிஎஃப்ல போடற பங்கு இருக்கு. அடிப்படைச் சம்பளத்துல 12%. 15,000 உச்சவரம்பை வச்சு மட்டும் போடற கம்பெனியா இருந்தாலும் மாசம் 1,800. அது நிக்கும். சம்பளத்தோட வர்ற லீவு நிக்கும். காய்ச்சல்ல மூணு நாள் படுத்தா மூணு நாள் வருமானம் போச்சு. டாட்டூ தொழில்ல ஒரு படி மேல: உங்களுக்கு இருமல் இருந்தாலே அன்னைக்குக் கஸ்டமரைக் கூப்பிடக் கூடாது.

அடுத்து கிராஜுவிட்டி. தம்பி அந்தக் கம்பெனியில சேர்ந்து 4 வருஷம் 3 மாசம். நிரந்தர ஊழியருக்கு 5 வருஷம் முடிஞ்சாத்தான் கிராஜுவிட்டி. அவர் அடிப்படைச் சம்பளம் 20,000. 20,000 × 15 ÷ 26 × 5 வருஷம் = 57,692 ரூபாய். அடுத்த மாசம் பேப்பர் போட்டா இது பூஜ்யம். 9 மாசம் பொறுத்தா கிட்டத்தட்ட 58,000. பிஎஃப்புக்கும் இதே 5 வருஷக் கோடு இருக்கு. தொடர் சர்வீஸ் 5 வருஷம் ஆகறதுக்கு முன்னாடி பிஎஃப் பணத்தை எடுத்தா அதுக்கு வரி உண்டு. சில பேர் பிஎஃப்பை உடைச்சு மெஷின் வாங்கறாங்க. வேண்டாம். ஒரு லட்சத்தைத் தாண்டற வயர்லெஸ் மெஷினும் இருக்கு, அதுல பத்துல ஒரு பங்கு விலையில ஆரம்பிக்கறதும் இருக்கு. அம்மா பேர் போட வர்றவர் மெஷின் பிராண்டைப் பார்த்து வர்றதில்லை.

ஹெல்த் இன்ஷூரன்ஸ்தான் எனக்குப் பெரிய கவலை. கம்பெனியோட குரூப் பாலிசி பொதுவா கடைசி வேலை நாளோட முடிஞ்சிடும். அப்பா அம்மாவும் அதுலதான் இருக்காங்கன்னா, அவங்க கவரும் சேர்ந்து போகும். புதுசா தனி பாலிசி எடுத்தா, விபத்து தவிர மத்ததுக்கு முதல் 30 நாள் கவர் கிடையாது. ஏற்கனவே இருக்கற நோய்க்குக் காத்திருப்புக் காலம் 3 வருஷம் வரைக்கும் போகலாம். அப்பாவுக்குச் சுகர் இருக்குன்னா இது சின்ன விஷயம் இல்லை. அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில குரூப்ல இருந்து தனி பாலிசிக்கு மாறிக்க வழி இருக்கு. ஆனா வேலையில இருக்கும்போதே அதைக் கேட்டு ஆரம்பிச்சிடணும், விட்ட பிறகு இல்லை. 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லைங்கறது ஒரு ஆறுதல்.

அதோட ஒரு தனிநபர் விபத்து பாலிசியும் பாருங்க. அதுல தற்காலிகமா வேலை செய்ய முடியாமப் போனா வாரா வாரம் பணம் தர்ற பிரிவு இருக்கான்னு கேட்டு வாங்குங்க. பைக்ல இருந்து விழுந்து வலது மணிக்கட்டு உடைஞ்சா, ஐடி வேலைன்னா ரெண்டு வாரம் லீவு. டாட்டூ ஆர்டிஸ்ட்டுக்கு மூணு மாசம் கடை மூடல். உங்க கைதான் இங்க முதலீடு. கூடவே முதுகும் கழுத்தும். நாளைக்கு 4, 5 மணி நேரத்துக்கு மேல ஊசி பிடிக்க முடியாதுன்னு அனுபவம் உள்ளவங்களே சொல்றாங்க. அதனால "அதிக நேரம் உழைச்சு ஈடு பண்ணிடுவேன்" என்ற திட்டம் இந்தத் தொழில்ல ரொம்ப தூரம் போகாது.

எண்ணிக்கையைக் கூட்டாதீங்க, விலையைக் கூட்டுங்க

இன்னைக்கு வர்ற 69,600, பிஎஃப் பங்கு 1,800, சொந்தமா கட்டப் போற இன்ஷூரன்ஸுக்கு ஒரு உத்தேசத் தொகை எல்லாம் சேர்த்து 73,000 வேணும்னு வைங்க. ஒரு டாட்டூவுக்கு 2,300 நின்னா, 32 டாட்டூ போடணும். 32 × 6 = 192 மணி நேரம். கம்பெனி வேலை நேரத்துக்குச் சமம். விட்டுட்டு வந்ததுக்கு அர்த்தமே இல்லை, அந்த 32 பேர் வருவாங்கங்கறதுக்கும் உத்தரவாதம் இல்லை.

அதே டாட்டூ 6,000 ஆனா? ஸ்டூடியோவுக்கு 1,800, பொருள் செலவு அதே 500, மீதி 3,700. 73,000-க்கு 20 டாட்டூ போதும். விலை 50% ஏறினா கையில நிக்கறது 61% ஏறுது, ஏன்னா ஊசியும் கிளவுஸும் அதே விலைதான்.

"விலையை ஏத்தினா ஆள் வராதே அண்ணா?" நியாயமான பயம். அதைச் சோதிச்சுப் பார்க்கத்தான் உங்ககிட்ட சம்பளம்னு ஒண்ணு இருக்கு. முழுநேரமா இறங்கினவருக்கு விலை ஏத்த தைரியம் வராது. மாசக் கடைசியில வாடகை நிக்கும்போது 4,000 கேட்க வேண்டிய இடத்துல 2,500-க்கு ஒத்துக்குவார். சம்பளம் வர்றவர் "முடியாது, நன்றி"ன்னு சொல்லலாம். எப்ப ஏத்தணும்? உங்க சனி ஞாயிறு மூணு வாரத்துக்கு முன்னாடியே நிரம்பிடுதுன்னா, அன்னைக்கே 500 ஏத்துங்க. திரும்ப நிரம்பினா திரும்ப ஏத்துங்க. நிரம்பலைன்னா, வேலையை விடற நாள் இன்னும் வரலைன்னு அர்த்தம்.

விலை ஏறணும்னா உங்ககிட்ட வர ஒரு காரணம் வேணும். தம்பிகிட்ட அது இருக்கு, அவருக்கே தெரியலை: தமிழ் எழுத்து. கேட்க சுலபமா இருக்கும். ஆனா இங்க் வருஷம் போகப் போகத் தோலுக்குள்ள கொஞ்சம் பரவும். நம்ம "ணை"யிலயும் "ஞ"விலயும் இருக்கற சுழியைச் சின்னதா போட்டா, நாலு வருஷத்துல உள்ள இருக்கற இடைவெளி அடைஞ்சு பொட்டு மாதிரி ஆயிடும். மெய்யெழுத்துப் புள்ளி எழுத்தோட ஒட்டிக்கும். எந்த எழுத்தை எந்த அளவுக்குக் கீழ போடக் கூடாதுன்னு தெரிஞ்சவர் கேட்கற விலைக்கு வேல்யூ இருக்கு. அதைக் காட்ட, அன்னைக்கே எடுத்த பளபள படம் பத்தாது. ஒரு வருஷம் கழிச்சு ஆறின டாட்டூ படத்தைப் போடுங்க. பழைய கஸ்டமர்கிட்ட ஒரு போட்டோ கேட்டு வாங்கறதுக்கு செலவே இல்லை.

எழுத்துன்னதும் இன்னொண்ணு. பேரை அவங்க கையாலேயே பேப்பர்ல எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்க. வாட்ஸ்அப்ல வந்ததை அப்படியே ஸ்டென்சில் எடுக்காதீங்க. "மகிழினி" "மகிளினி" ஆயிட்டா லேசர்ல அழிக்கப் பல தடவை போகணும், போட்ட காசை விட அது அதிகம். அந்தச் சண்டையில ஒரு மாச வருமானம் போகும், பேரும் போகும். அதே பேப்பர்ல சம்மதம், அலர்ஜி இருக்கா, மருந்து எடுக்கறாங்களா என்பதையும் வாங்கிடுங்க. 18 வயசு ஆகாதவங்களுக்குக் கூடவே கூடாது, மைனர் போடற கையெழுத்து ஒப்பந்தமே ஆகாது.

புக்கிங்குக்கு அட்வான்ஸ் வாங்குங்க. 1,000 ரூபாய், வந்தா கழிச்சுக்கலாம், சொல்லாம வராம இருந்தா திரும்பத் தரமாட்டேன்னு முன்னாடியே எழுத்துல சொல்லிடுங்க. தம்பி இதைக் கேட்கக் கூச்சப்பட்டார். சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஒருத்தர் வரலைன்னா போறது 2,300. அந்த நேரத்தை வேற யாருக்கும் விக்க முடியாது. பஸ் டிக்கெட் எடுத்துட்டு ஏறாதவங்களுக்காக பஸ் நிக்கறதில்லை.

செவ்வாய்க்கிழமையை யாருக்கு விக்கறது

வார நாளை நிரப்பறதுக்கு ஆஃபர் போடறதுதான் எல்லாருக்கும் முதல்ல தோணும். "புதன்கிழமை 30% தள்ளுபடி"ன்னு போட்டா, சனிக்கிழமை வர்றவர் புதன்கிழமைக்கு மாறுவார், புது ஆள் வர மாட்டார். அதுக்குப் பதிலா வார நாள்ல வரத் தயாரா இருக்கற வேலை எதுன்னு யோசிங்க. முழுக்கை டாட்டூ, முதுகுல பெரிய வேலை, பழைய டாட்டூவை மறைக்கற கவர்-அப். இதெல்லாம் நாலஞ்சு தடவையா போடறது. ஒரு லீவு போட்டு வரவும் தயாரா இருப்பாங்க. அந்த மாதிரி வேலைக்கு வார நாள் மட்டும்தான்னு சொல்லிடலாம். ஒரு ஆள் அஞ்சு செவ்வாய்க்கிழமையை நிரப்புவார். ஆனா அதுக்குக் கையில வேற திறமை வேணும், ஷேடிங் தெரியணும். எழுத்து மட்டும் போடறவருக்குச் செவ்வாய்க்கிழமை காலியாத்தான் இருக்கும். அதைக் கத்துக்கற ஒரு வருஷம் சம்பளத்தோட போகட்டும்.

டூரிஸ்ட் வர்ற ஊர்ல வார நாளுக்கும் வார இறுதிக்கும் வித்தியாசம் கொஞ்சம் குறையும். புதுச்சேரி, கோவா மாதிரி ஊர்ல இருக்கற ஸ்டூடியோவுல ஒரு வாரம் கெஸ்ட் ஆர்டிஸ்ட்டா உட்கார்ந்து பார்க்கலாம். பயணச் செலவு, தங்கற செலவு, அவங்க பங்கு எல்லாம் போக எவ்வளவு மிஞ்சுதுன்னு எழுதி வைங்க.

மாசங்களும் ஒரே மாதிரி இருக்காது. புது டாட்டூவோட ரெண்டு மூணு வாரத்துக்குக் கடல்லயும் நீச்சல் குளத்துலயும் இறங்கக் கூடாது, வெயில் படக் கூடாது. அதனால டூர் கிளம்பறவங்க தள்ளிப் போடுவாங்க. சபரிமலைக்கு மாலை போட்டவங்க தை வரைக்கும் பேச மாட்டாங்க. சம்பளம் வந்த முதல் பத்து நாள் போன் அடிக்கும், கடைசி பத்து நாள் "அடுத்த மாசம் சொல்றேன் ப்ரோ". அதனால எமர்ஜென்சி ஃபண்ட் விஷயத்துல சம்பளக்காரங்களுக்குச் சொல்ற 6 மாசம் இங்க பத்தாது. வீட்டுச் செலவு, இஎம்ஐ, இன்ஷூரன்ஸ் சேர்த்து 9 மாசத்துக்கு வைங்க. தம்பிக்கு மாசம் 30,000, ஆக 2,70,000. அவர்கிட்ட இருந்தது 85,000.

சொந்த ஸ்டூடியோ ஆசையைப் பத்தி சுருக்கமா: 20 டாட்டூவுக்கு அவர் ஸ்டூடியோவுக்குக் கொடுக்கப் போறது 24,000. சொந்தமா போட்டா வாடகை 18,000, கமர்ஷியல் ரேட்ல கரண்ட் 4,000, சுத்தம், இன்டர்நெட், மத்தது 3,000 என்று வச்சாலே 25,000. மேல அட்வான்ஸ், ஏசி, பெட், ஸ்டெரிலைஸ் பண்ற ஆட்டோகிளேவ். ஆள் வந்தாலும் வராட்டியும் 25,000 கட்டணும். 30% பங்குன்னா ஆள் வந்தாத்தான் கட்டணும். முதல் ரெண்டு வருஷம் அடுத்தவங்க நாற்காலியே நல்லது.

வரியைப் பத்தி பயப்படாதீங்க, ஒளிக்கவும் செய்யாதீங்க

தம்பி இதுவரைக்கும் ஃபார்ம் 16-ஐ மட்டும் வச்சு ஐடிஆர்-1 போட்டுட்டு வர்றார். டாட்டூ பணம் எல்லாம் யூபிஐயில வருது, ஆனா ரிட்டர்ன்ல இல்லை. இது தப்பு. தொழில் வருமானம் இருந்தா ஐடிஆர்-1 போட முடியாது. சின்னத் தொழிலுக்கு உத்தேச வருமான முறை இருக்கு. 44ஏடின்னு எல்லாரும் சொல்றது இதைத்தான். 2026 ஏப்ரல் 1-ல இருந்து புது வருமான வரிச் சட்டம் என்பதால பிரிவு எண் மாறுது, முறை அதேதான். டிஜிட்டலா வந்த தொகையில குறைஞ்சது 6%, ரொக்கமா வந்ததுல குறைஞ்சது 8% லாபம்னு காட்டணும். சம்பளத்தையும் இதையும் சேர்த்து ஐடிஆர்-4 போடலாம். டாக்டர், வக்கீல், இன்ஜினியர் மாதிரி தொழில்களுக்கு இருக்கற 44ஏடிஏ பட்டியல்ல டாட்டூ இல்லை, அதனால அதைக் குழப்பிக்காதீங்க. முதல் தடவை ஒரு ஆடிட்டர்கிட்ட காட்டிட்டுப் போடுங்க.

சட்டம் குறைஞ்சது 6%ன்னு சொல்றதால 6% மட்டும் காட்டிட்டுப் போற ஆளுங்க நிறைய. யோசிச்சுப் பாருங்க. 2025-26 நிதியாண்டுல இருந்து புது வரி முறையில 12 லட்சம் வரைக்கும் வருமானத்துக்கு வரியே வராத அளவு தள்ளுபடி இருக்கு. தம்பியோட சம்பளமும் டாட்டூ லாபமும் சேர்த்தாலும் அதுக்குக் கீழதான். உண்மையான லாபத்தைக் காட்டினாலும் வரி பூஜ்யம். பிறகு எதுக்குக் குறைச்சுக் காட்டணும்? நாளைக்கு வீட்டு லோனுக்குப் போய் நிக்கும்போது, சொந்தத் தொழில் பண்றவங்ககிட்ட பேங்க் ரெண்டு மூணு வருஷ ரிட்டர்ன் கேட்கும். அதுல வருஷ லாபம் 35,000-னு இருந்தா என்ன லோன் தருவாங்க? இப்பவே, வேலையில இருக்கும்போதே உண்மையான தொழில் லாபத்தோட ரிட்டர்ன் போட ஆரம்பிச்சா, வேலையை விடற அன்னைக்கு உங்க கையில ரெண்டு வருஷ ரெக்கார்டு இருக்கும்.

ஜிஎஸ்டி? சேவைத் தொழிலுக்கு வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினாத்தான் பதிவு. மாசம் 48,000 பில் பண்றவருக்கு வருஷத்துக்கு 5,76,000. இப்போதைக்கு மறந்துடுங்க. உத்யம் பதிவு அரசு தளத்துல இலவசம். அதுக்கு 2,000 கேட்கறவங்களைப் பார்த்தா நகர்ந்துடுங்க. டாட்டூ வரவுக்குத் தனி பேங்க் அக்கவுண்ட் மட்டும் இன்னைக்கே திறந்துடுங்க. கம்பெனி ஆஃபர் லெட்டர்ல வெளி வேலை பண்ணக் கூடாதுன்னு ஷரத்து இருக்கான்னும் எடுத்துப் படிங்க. பல பேர் கையெழுத்துப் போட்டதோட சரி.

இன்னொரு விஷயம், பணக் கணக்கு இல்லை, ஆனா தள்ளிப் போட முடியாதது. ரத்தத்தோட புழங்கற தொழில் இது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூணு டோஸ், 0, 1, 6 மாசம். முடிக்க அரை வருஷம் ஆகும். ஊசியை ஒருத்தருக்கு ஒரு தடவைதான், பிறகு குத்த முடியாத கெட்டி டப்பாவுல போட்டு மருத்துவக் கழிவா அனுப்பணும், தெருக் குப்பைத் தொட்டியில இல்லை. பொருள் செலவு 500-ஐ 300 ஆக்கலாமான்னு தோணும்போது, குறைக்கக் கூடாத இடம் இதுதான்.

பேப்பர் போடறதுக்கு முன்னாடி அஞ்சு நாள்

தம்பிகிட்ட நான் ஒரே ஒரு சோதனை சொன்னேன். சேர்த்து வச்ச லீவுல அஞ்சு நாள் எடுங்க. பண்டிகை வாரமா இருக்கக் கூடாது. மாசத்தோட மூணாவது வாரம், சாதாரண திங்கள்ல இருந்து வெள்ளி. ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே "இந்த வாரம் முழுக்க ஸ்டூடியோவுல இருப்பேன்"னு போடுங்க. தள்ளுபடி கிடையாது, அட்வான்ஸ் கட்டாயம். உங்க முழுநேர வாழ்க்கை எப்படி இருக்கும்னு அந்த அஞ்சு நாள் காட்டிடும்.

பண்ணினார். அஞ்சு நாளுக்கு விசாரிச்சவங்க 11 பேர். அட்வான்ஸ் கட்டினவங்க 3 பேர். 4 பேர் "சண்டே வரலாமா?"ன்னு கேட்டாங்க. மீதி 4 பேர் பதிலே இல்லை. செவ்வாய்க்கிழமை முழுக்க ஸ்டூடியோவுல தனியா உட்கார்ந்து வரைஞ்சுக்கிட்டிருந்தேன்னு வாய்ஸ் நோட் அனுப்பினார். குரல்ல கொஞ்சம் வருத்தம் இருந்தது, மறைக்கலை. ராத்திரி இன்னொரு வாய்ஸ் நோட்: "அண்ணா, நல்ல வேளை இது லீவு."

இப்ப நிலவரம் இது. வேலையில இருக்கார். டாட்டூ பணத்தைத் தொடாம, புது அக்கவுண்ட்லேயே விட்டு வைக்கறார். அதனால 2,70,000-க்கு இன்னும் 7 மாசம் போதும். விலையை 4,500 ஆக்கினார், அந்த மாசம் ஒருத்தர் குறைஞ்சார், 11 டாட்டூ. கையில நின்னது 29,150, முன்னாடியை விட 1,550 அதிகம், ஆறு மணி நேர வேலை மிச்சம். அந்த நேரத்துல ஷேடிங் பழகறார், செயற்கைத் தோல்ல. முதல் கவர்-அப் கஸ்டமர் ஒருத்தரைப் பிடிச்சிருக்கார். பழைய காதலி பேரை மறைக்கணுமாம், மூணு தடவையா வரணும். ஷிஃப்ட் முடிஞ்சு ஏழு மணிக்கு மேல வரச் சொல்லியிருக்கார். செவ்வாய்க்கிழமைதான்.

கிராஜுவிட்டி தேதியை போன் காலண்டர்ல குறிச்சு வச்சிருக்கார். அதுக்கு முந்தின மாசம் இன்னொரு அஞ்சு நாள் லீவு எடுத்து இதே சோதனையைத் திரும்பப் பண்ணப் போறார். மூணு அட்வான்ஸ் எட்டு ஆச்சுன்னா பேப்பர் போடுவார், நாலா இருந்தா இன்னும் ஆறு மாசம். ரிசல்ட் வந்ததும் அவர் அனுமதியோட சேனல்ல சொல்றேன்.